டப்பாவில் வரும் கருப்பு, சிவப்பு ஷெல்லாக்: அரக்கு வேலைப்பாட்டின் தோற்றத்தைத் தருமா?

நிறமி கலந்து, ஸ்பிரிட்டில் கரைத்து, திறந்தவுடன் பூசலாம் என்ற நிலையில் டப்பாவில் அடைத்து விற்கப்படும் ஷெல்லாக்கில் கருப்பு ஒன்றும் சிவப்பு ஒன்றும் வாங்கி, கடந்த நான்கு மாதங்களில் இரண்டு சாமான்களுக்கு மெருகிட்டு முடித்திருக்கிறேன். ஒன்று, பீச் மரத்தில் செய்த மூடியுள்ள பெட்டி. மற்றொன்று, பழைய தேக்குப் பலகைகளில் கதவு செய்து பொருத்திய சிறிய சுவர் அலமாரி. ஜப்பானிய, சீன அரக்குப் பெட்டிகளில் காணும் ஆழமான நிறமும், அந்த நிறத்தின் உள்ளிருந்து தங்கக் கோடுகள் எழுந்து வருவது போன்ற தோற்றமும் இவற்றில் அமைய வேண்டும் என்பதே என் விருப்பம். டப்பாவின் மேல் ஒட்டிய குறிப்பு, இரண்டே பூச்சில் அத்தோற்றம் கிடைக்கும் என்கிறது. இரண்டு பூச்சில் அது கிடைக்கவில்லை. நல்ல கருப்பு வண்ணம் அடித்த பெட்டிதான் கிடைத்தது. அதே சரக்கை வேறு முறையில் கையாண்டபோது, நான் தேடிய தோற்றத்துக்கு மிக அருகில் போக முடிந்தது. சரக்கு நல்லது, அதனுடன் வரும் செய்முறைக் குறிப்பு இந்த வேலைக்குப் பொருந்தாது என்பது என் முடிவு. அதற்கான காரணங்களை விரிவாகவே எழுதுகிறேன், ஏனெனில் குறிப்பை நம்பிப் பூசியவர்கள் சரக்கைக் குறை சொல்லி ஒதுக்கிவிட வாய்ப்பிருக்கிறது.

தமிழில் இரண்டு வெவ்வேறு பொருள்களை நாம் அரக்கு என்றே சொல்லிவிடுகிறோம். ஷெல்லாக் என்பது பூவம், புரசு, இலந்தை போன்ற மரங்களின் கிளைகளில் அரக்குப் பூச்சி சுரக்கும் பிசின். கொம்போடு சுரண்டி எடுத்தால் கொம்பரக்கு, அதைக் கழுவி உருக்கி மெல்லிய தகடாக இழுத்து உடைத்தால் அவலரக்கு, அவலரக்கை ஸ்பிரிட்டில் ஊறவைத்தால் தச்சர்கள் பிரெஞ்சு பாலீஷுக்கு எடுக்கும் மெருகு. ஜப்பானில் உருஷி எனப்படும் அரக்கோ, ஒரு மரத்தின் பட்டையைக் கீறி வடிக்கும் பால். அது 70 முதல் 85 சதவீத ஈரப்பதமும் மிதமான வெப்பமும் உள்ள பெட்டிக்குள் மெதுவாக இறுகி, வேதிமாற்றம் அடைந்து, பிறகு தண்ணீருக்கும் ஸ்பிரிட்டுக்கும் அசையாத படலமாகிவிடும். ஷெல்லாக் அப்படி மாறுவதில்லை. ஸ்பிரிட் ஆவியாகிப் போவதால் அது காய்கிறது, மறுபடியும் ஸ்பிரிட் பட்டால் மறுபடியும் கரைகிறது. இந்த ஒரு குணத்திலிருந்துதான் நிறமேற்றிய ஷெல்லாக்கின் எல்லா வசதிகளும் எல்லாத் தொல்லைகளும் பிறக்கின்றன. இறுகாத உருஷி தோலில் பட்டால் கடுமையான அரிப்பும் தடிப்பும் வரும் என்பதால், வீட்டில் வேலை செய்பவருக்கு ஷெல்லாக் எவ்வளவோ பாதுகாப்பானது என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். ஆனாலும் ஸ்பிரிட் எளிதில் தீப்பற்றும், அதன் ஆவி தலையைச் சுற்றவைக்கும், ஆகவே சன்னல்களைத் திறந்துவைக்காமல் இதைத் தொடக்கூடாது.

ஒன்றைக் கொண்டு மற்றொன்றின் தோற்றத்தைக் கொண்டுவரும் முயற்சி புதிதன்று. கிழக்காசியாவிலிருந்து கப்பலில் வந்து இறங்கிய அரக்குப் பேழைகளைப் பார்த்து வியந்த ஐரோப்பியக் கைவினைஞர்களுக்கு உருஷி மரமும் இல்லை, அதன் பாலும் எட்டவில்லை. 17ஆம் நூற்றாண்டில் அவர்கள் கையிலெடுத்தது இந்தியாவிலிருந்து போன அரக்கைத்தான். 1688இல் ஜான் ஸ்டாக்கர், ஜார்ஜ் பார்க்கர் ஆகிய இருவரும் ஆக்ஸ்ஃபோர்டில் வெளியிட்ட செய்முறை நூலில், கழுவிய குருணை அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்து, விளக்குக்கரியைச் சேர்த்துக் கருப்பு நிலம், அதாவது அடித்தளப் பூச்சு, இட்டு, அதன்மேல் மெருகைப் பலமுறை பூசி, இறுதியில் ட்ரிபோலி என்னும் மென்மையான மண்தூளால் தேய்த்து ஒளியேற்றும் முறை விளக்கப்பட்டிருக்கிறது. இந்தக் கலைக்கு ஆங்கிலத்தில் ஜப்பானின் பெயரே ஒட்டிக்கொண்டது. இன்று டப்பாவில் வருவது அந்தப் பழைய சரக்கின் தயார்நிலை வடிவம்தான்; அப்படியிருக்க, பழைய கைகாரர்கள் பல நாள் செலவிட்டுச் செய்த வேலையை இரண்டு பூச்சாகச் சுருக்கிச் சொல்வது எப்படிச் சரியாகும் என்ற ஐயம் எனக்கு முதல் நாளே எழுந்தது.

டப்பாவைத் திறந்ததும் கண்ட முதல் குறை, நிறமி அடியில் கட்டியாகப் படிந்திருந்ததே. சிவப்பில் அது எளிதாகக் கலைந்தது. கருப்பில் ஒரு விரல் தடிமனுக்குக் களிமண் போல் இறுகியிருந்தது. தட்டையான மரக்குச்சியால் கால் மணி நேரம் கிளறிய பின்னரே கலந்தது. கலந்த பிறகும் நுண்ணிய திப்பிகள் மிதந்ததால், மெல்லிய நைலான் துணியை இரட்டையாக மடித்து வடிகட்டினேன். வடிகட்டாமல் பூசிய மாதிரிப் பலகையில் மணல் தூவியது போலப் புள்ளிகள் நின்றன. சரக்கு பழசா என்று அறிய, ஒரு சொட்டைக் கண்ணாடித் துண்டில் விட்டு மறுநாள் நகத்தால் கீறிப் பார்த்தேன். பிசுபிசுப்பில்லாமல் நொறுங்கியது, ஆகவே நல்ல நிலையில்தான் இருந்தது. ஸ்பிரிட்டில் கரைத்த ஷெல்லாக் நாளாக ஆகத் தன் இறுகும் தன்மையை இழக்கும். மாதக்கணக்கில் கிடந்த சரக்கு எத்தனை நாள் ஆனாலும் கைரேகையை வாங்கிக்கொண்டே இருக்கும். எனவே தயாரித்த தேதி டப்பாவில் இருப்பது மிக அவசியம். இதில் தேதி இருந்தது, அதற்காகத் தயாரிப்பாளரைப் பாராட்டுகிறேன். மெழுகு நீக்கிய ஷெல்லாக்கா, நீக்காததா என்ற தகவல் இல்லை. மேலே வேறு வகை வார்னிஷ் பூச நினைப்பவருக்கு அது தெரிந்தே ஆக வேண்டும், ஏனெனில் இயற்கையாக உள்ள மெழுகு சில மெருகுகளை ஒட்டவிடாது.

நிறமியின் அளவுதான் இந்தச் சரக்கின் மையப் பிரச்சினை. இரண்டு பூச்சில் மரத்தை முழுமையாக மறைக்க வேண்டும் என்பதற்காகக் கரியை நிறையச் சேர்த்திருக்கிறார்கள். கரித்துகள் மிகுந்து பிசின் குறைந்தால், காய்ந்த படலத்தின் மேற்பரப்பில் துகள்கள் தலைநீட்டி நிற்கும். அவற்றில் பட்ட ஒளி எல்லாப் பக்கமும் சிதறும். கருப்பு சற்றே சாம்பல் பூத்ததுபோல் தெரியும். நான் பூசிய முதல் பலகை அப்படித்தான் கரும்பலகையின் சாயலில் இருந்தது. அடுத்த பலகையில், லிட்டருக்கு 250 கிராம் அவலரக்கு என்ற அளவில் நானே கரைத்த நிறமற்ற ஷெல்லாக்கை டப்பாச் சரக்குடன் சரிபாதியாகச் சேர்த்தேன். மறைக்கும் திறன் குறைந்து, இரண்டுக்குப் பதில் நான்கு பூச்சு தேவைப்பட்டது. ஆனால் ஒவ்வொரு பூச்சும் வழவழப்பாகப் பரவியது, தூரிகைத் தடம் தானாகவே அடங்கியது, காய்ந்த பின் பலகையில் என் விரல்களின் நிழல் தெரிந்தது. சரக்கைச் சிக்கனமாக ஆக்குவதும் இதே கலவைதான் என்பது கூடுதல் நன்மை.

பூசுவதற்கு முன் மரத்தைத் தயார் செய்வது பற்றி டப்பாவில் ஒரே வரிதான் இருக்கிறது: சுத்தமான, காய்ந்த மரத்தில் பூசவும். பீச் மரத்துக்கு அது ஓரளவு போதும், அதன் துளைகள் மிக நுண்ணியவை. 320 எண் உப்புத்தாள் வரை தேய்த்து, நிறமற்ற ஷெல்லாக்கை ஒரு கை பூசி, எழுந்த நாரை மறுபடி தேய்த்த பின் பெட்டியில் எந்தச் சிக்கலும் வரவில்லை. தேக்குக் கதவில் நான் தவறிவிட்டேன். துளைகளை மக்கு வைத்து அடைக்காமல், கருப்பே அடைத்துவிடும் என்று நம்பிப் பூசினேன். முதல் வாரம் மேற்பரப்பு சமமாகவே இருந்தது. மூன்றாம் வாரத்தில், துளைகளுக்குள் இறங்கிய ஷெல்லாக் காய்ந்து சுருங்கச் சுருங்க, கதவு முழுவதும் ஊசியால் கீறியது போன்ற நீளக் கோடுகள் எழுந்துவிட்டன. அரக்கு வேலைப்பாட்டில் மரத்தின் நார் தெரியவே கூடாது. அது தெரிந்த கணத்தில் தோற்றம் முழுவதும் கலைந்துவிடும். ஸ்பிரிட்டால் மொத்தத்தையும் துடைத்தெடுத்து, வஜ்ஜிரப் பசையில் சாக்குப் பொடி என்னும் வெள்ளைச் சுண்ணத்தூளைக் குழைத்த பூச்சை ஐந்து முறை இட்டு, கண்ணாடிபோல் தேய்த்து, மறுபடி தொடங்கினேன். துடைத்தெடுக்க முடிந்ததே ஷெல்லாக்கின் பெருமைதான், எனாமலாக இருந்தால் சுரண்டியே கை ஓய்ந்திருக்கும். ஐரோப்பியர்கள் பெரும்பாலும் இத்தகைய வெள்ளை நிலத்தின் மேல்தான் வேலை செய்தார்கள். 18ஆம் நூற்றாண்டில் பாஸ்டன் நகரத்துக் கைவினைஞர்கள் மட்டும் நெருக்கமான நாருள்ள மேப்பிள் மரத்தைத் தேர்ந்து, வெள்ளை நிலம் இல்லாமல் நேராக மரத்திலேயே பூசினார்கள். இரண்டில் ஒரு வழியை எடுத்தே ஆக வேண்டும், நடுவழி இதில் இல்லை.

தூரிகை விஷயத்தில் கஞ்சத்தனம் கூடாது. அகலமான, மென்மையான அணில்முடித் தூரிகையும், அதே மென்மையுள்ள செயற்கை இழைத் தூரிகையும் நன்றாக வேலை செய்தன. ஒருமுறை இழுத்த இடத்தில் மறுபடி தூரிகையை வைக்காமல் இருக்கப் பழகுவதுதான் கடினம். ஷெல்லாக் ஒரு நிமிடத்துக்குள் இழுபடத் தொடங்கும். அதன்மேல் திரும்பப் போனால் புதிய ஸ்பிரிட் அடியிலுள்ள பூச்சைக் கரைத்து, நிறமியைச் சுருட்டி, மேடும் பள்ளமுமாக ஆக்கிவிடும். நிறமில்லாத ஷெல்லாக்கில் இந்தப் பிழை கண்ணுக்குத் தெரியாமல் போகலாம். நிறமேற்றியதில் அது அப்பட்டமாகத் தெரியும். விடுபட்ட இடத்தைக் கண்டால் மனத்தை அடக்கிக்கொண்டு, ஒரு மணி நேரம் காயவிட்டு அடுத்த பூச்சில்தான் சரிசெய்ய வேண்டும். மழைநாளில் பூசிய ஒரு பக்கம் பால்போல் வெளுத்தது. காற்றின் ஈரம் படலத்தில் சிக்கிக்கொள்வதால் நேர்வது இது. காய்ந்த நாளில் லேசாக ஸ்பிரிட் தொட்ட பஞ்சுப்பொதியால் ஒருமுறை வருடியதும் வெளுப்பு நீங்கியது.

இனி முக்கியமான பகுதி. அரக்கின் ஆழம் நிறத்தில் இல்லை, நிறத்துக்கு மேலுள்ள நிறமற்ற பூச்சுகளில் இருக்கிறது. ஒளி அந்தத் தெளிவான படலத்துக்குள் நுழைந்து, அடியிலுள்ள கருப்பைத் தொட்டுத் திரும்பும்போதுதான், கண்ணாடித் தடாகத்தின் அடியைப் பார்ப்பது போன்ற உணர்வு பிறக்கிறது. ஆகவே நான்கு நிறப் பூச்சுகளுக்குப் பிறகு 24 மணி நேரம் காயவைத்து, 400 எண் உப்புத்தாளால் தூசியை மட்டும் தட்டிவிட்டு, அதன்மேல் மெழுகு நீக்கிய அவலரக்குக் கரைசலைப் பன்னிரண்டு முறை பூசினேன், ஒரு நாளைக்கு மூன்றுக்கு மேல் போகாமல். முதல் நிறமற்ற பூச்சின்போது தூரிகையின் நுனி கருத்தது. அடிப்பூச்சு கொஞ்சம் கரைந்து எழுகிறது என்பதே அதன் பொருள். அதைத் தவிர்க்க முதல் இரண்டு பூச்சையும் மிக மெல்லியதாக, வேகமாக, ஒரே இழுப்பில் முடிப்பதோடு, ஒவ்வொரு இழுப்புக்கும் இடையில் தூரிகையைத் தனி ஸ்பிரிட்டில் அலசிக்கொள்ள வேண்டும். மூன்றாம் பூச்சு முதல் தூரிகை சுத்தமாகவே இருந்தது.

நிறமற்ற பூச்சு என்று நான் எழுதினாலும், எந்த அவலரக்கைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பது விளைவைப் பெரிதும் மாற்றுகிறது. வெளிறிய மஞ்சள் அவலரக்கைக் கருப்பின்மேல் பூசிய மாதிரி, சுத்தமாகவும் சற்றே குளிர்ந்தும் தெரிந்தது. செம்பழுப்பு அவலரக்கைப் பூசியது, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்கும்போது விளிம்புகளில் காப்பிக்கொட்டையின் நிறம் காட்டி, பழைய பேழைகளின் கருமையை அப்படியே நினைவூட்டியது. பெட்டிக்கு நான் எடுத்தது அதையே. சிவப்பின்மேல் இந்தத் தேர்வு இன்னும் கவனத்துக்குரியது. டப்பாவில் உள்ள சிவப்பு, தனியாகப் பார்த்தால் பொம்மைக்குப் பூசும் பளிச்சென்ற சிவப்பு. பழைய வேலைகளில் ஜாதிலிங்கமும் காவியும் தந்த கனம் அதில் இல்லை. ஜாதிலிங்கம் பாதரசச் சேர்மம் என்பதால் இன்று அதைத் தேடுவதும் சரியில்லை. ஆனால் ஆரஞ்சு அவலரக்கை ஆறு முறை பூசியதும் அந்தச் சிவப்பு அடங்கி, முதிர்ந்து, பவளத்திலிருந்து மாதுளைப் பக்கம் நகர்ந்தது. முதல் சிவப்புப் பூச்சுக்குக் கீழே கருப்பு ஒரு கை பூசிவைத்தால், பின்னர் விளிம்புகளைத் தேய்க்கும்போது கருமை லேசாக எட்டிப்பார்த்து, பல காலம் கைபட்டுத் தேய்ந்த அழகு வரும். அலமாரியின் கதவுகளில் இதைச் செய்தேன், இந்த முழு வேலையிலும் எனக்கு மிகவும் பிடித்த பகுதி அந்த விளிம்புகளே. நீலம் வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: மஞ்சள் படர்ந்த மெருகு நீலத்தைப் பச்சையாக்கும், பழைய நீலப் பேழைகள் பல அப்படித்தான் பச்சையாகிப்போயின.

பூச்சுகள் முடிந்ததும் இரண்டு வாரம் சாமானைத் தொடாமல் வைத்தேன். இந்த இடைவெளியைக் குறைத்தால், தேய்த்துச் சமமாக்கிய பரப்பு பிறகு மறுபடி சுருங்கி அலையாகிவிடும். தேய்ப்பதற்கு 600, பின்னர் 1000 எண் உப்புத்தாளில் சில சொட்டுக் கனிம எண்ணெய் விட்டுக்கொண்டேன். தண்ணீரையும் சோப்பையும் தவிர்த்தேன், சோப்பின் காரம் ஷெல்லாக்கை இளக்கும். இந்தக் கட்டத்தில் கண் இருக்க வேண்டிய இடம் பலகையன்று, தாளின் அடியில் சேரும் சேறு. அது தேன்பழுப்பாக இருக்கும்வரை மேலுள்ள தெளிந்த பூச்சுதான் தேய்கிறது, அச்சமின்றித் தொடரலாம். சேற்றில் கருமையின் ஒரு இழை தெரிந்தாலும் அந்த இடத்தில் கையை உடனே எடுத்துவிட வேண்டும். பெட்டி மூடியின் முன் விளிம்பில் அந்த இழையைக் கண்டும் இரண்டு இழுப்பு கூடுதலாகத் தேய்த்துவிட்டேன். கருப்பும் போய் பீச் மரத்தின் வெளிர்நிறம் நெல்மணி அளவுக்குத் தெரிந்தது. சிறு தூரிகையால் நிறத்தைத் தொட்டுவைத்து, அதன்மேல் மெருகை ஏற்றி, ஒரு வாரம் கழித்து அந்த இடத்தை மட்டும் மறுபடி தேய்க்க வேண்டியதாயிற்று. இறுதியில் ட்ரிபோலித் தூளை எண்ணெயில் குழைத்து, மென்மையான கம்பளித் துணியால் வட்டமாகத் தேய்த்தபோது வந்த ஒளி, டப்பாவிலிருந்து நேராகப் பூசினால் வரும் கடைப் பளபளப்பிலிருந்து முற்றிலும் வேறானது. அது அமைதியான ஒளி. அறையின் சன்னல் அதில் தெரியும், ஆனால் கண்ணை உறுத்தாது.

அலங்காரத்துக்கு இந்தச் சரக்கு எவ்வளவு ஒத்துழைக்கிறது என்பதையும் சோதித்தேன். பெட்டி மூடியில் நாணல் புதரும் இரண்டு கொக்குகளும் புடைப்பாக எழ வேண்டும் என்று எண்ணி, சாக்குப் பொடியை வேலம்பிசின் நீரில் தேனின் பதத்துக்குக் குழைத்து, கூர்மையான குச்சியின் நுனியால் சொட்டுச் சொட்டாக இழுத்து வரைந்தேன். இங்கே ஷெல்லாக் நிலம் ஒரு பெரிய உதவி செய்கிறது: பிசின் நீரில் கரைவது, நிலம் ஸ்பிரிட்டில் கரைவது, ஆகவே வரைந்தது கோணலாகிவிட்டால் ஈரத்துணியால் துடைத்துவிட்டு மறுபடி வரையலாம், அடியிலுள்ள கருப்புக்கு எதுவும் ஆகாது. முதல் கொக்கின் சிறகை அப்படி மூன்று முறை துடைத்தேன். அவசரப்பட்டு ஒரே சொட்டில் உயரத்தைக் கொண்டுவர முயன்றதால் அது காய்ந்ததும் நடுவில் பிளந்தது. மெல்லிய அடுக்குகளாக ஏற்றியபோது பிளக்கவில்லை. புடைப்பின் மேல் ஷெல்லாக் ஒரு கை பூசி, தங்கரேக்கு ஒட்டும் எண்ணெய்ப் பசையைத் தடவி, பசை ஒட்டும் பதத்துக்கு வந்ததும் ரேக்கை வைத்தேன். நிலம் முழுமையாகக் காயாவிட்டால் ரேக்கு வேண்டாத இடங்களிலும் ஒட்டும் என்பதால், சாக்குப் பொடியை லேசாகத் தூவித் துடைத்துவிட்டே தொடங்கினேன்.

தங்கரேக்குக்குப் பதிலாகத் தங்கநிற உலோகத்தூளைப் பயன்படுத்துவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அது செம்பும் துத்தநாகமும் சேர்ந்த கலவை. ஷெல்லாக் இயல்பிலேயே சிறிது அமிலத்தன்மை உடையது; அத்தூளை அதனுடன் கலந்து ஒரு கிண்ணத்தில் வைத்திருந்தபோது சில நாட்களில் பச்சை படர்ந்துவிட்டது. தூளைக் கலக்காமல் பசையின்மேல் தூவியதில் அந்தத் தொல்லை குறைவு, எனினும் ஆண்டுகள் போகப் போக அது மங்கவே செய்யும். அப்பிரகத் தூள் கருக்காது; தங்கத்தின் கனம் அதில் இல்லாவிட்டாலும், நாணல் இதழ்களுக்கு அது போதுமானதாக இருந்தது. எல்லாம் காய்ந்த பின் அலங்காரத்தின் மேலும் மெல்லிய மெருகு இரண்டு கை பூசினேன். தங்கம் கருமைக்குள் இறங்கி அமர்ந்தது அப்போதுதான்.

உறுதியைப் பொறுத்தவரை யாரும் ஏமாந்துவிடக் கூடாது. முழுமையாக முடித்த மாதிரிப் பலகையொன்றில் சூடான தேநீர்க் கோப்பையை வைத்தேன். அதன் அடிவட்டம் பதிந்து வெளுத்தது. ஷெல்லாக் 75 டிகிரி செல்சியஸை ஒட்டி உருகும் பொருள், அதைவிடக் குறைந்த சூட்டிலேயே மென்மையடையும் என்பதால் இதில் வியப்பில்லை. குளிர்ந்த நீர்க் குவளையை இரவு முழுவதும் வைத்ததில் வெள்ளை வளையம் தோன்றி, இரண்டு நாளில் பெரும்பாலும் மறைந்தது. ஒரு சொட்டு ஸ்பிரிட் சில நிமிடங்களில் நிறப்பூச்சு வரை தோண்டிவிட்டது. அம்மோனியா கலந்த கண்ணாடித் துடைப்பான் பட்ட இடம் பிசுபிசுத்தது. உருஷி பூசிய கிண்ணத்தில் சூடான குழம்பை ஊற்றிக் குடிக்கலாம்; இதில் அது நடவாது. எனவே சாப்பாட்டு மேசை, சமையலறை அலமாரி, அடிக்கடி ஈரத்துணியால் துடைக்கும் எந்தச் சாமானுக்கும் இதை நான் பரிந்துரைக்கமாட்டேன். கண்ணாடிச் சட்டம், நகைப்பெட்டி, காட்சிப் பேழை, கடிகாரக் கூடு, சுவர் அலமாரியின் கதவு ஆகியவற்றுக்குத் தயங்காமல் பரிந்துரைப்பேன். கீறல் விழுந்தால் அந்த இடத்தில் மட்டும் ஸ்பிரிட்டும் புதிய ஷெல்லாக்கும் கொண்டு தடமே தெரியாமல் சரிசெய்யலாம் என்ற வசதி, நீண்ட நாள் வைத்திருக்க நினைக்கும் சாமானுக்கு மிகவும் பெரியது.

மாற்று வழிகளுடனும் ஒப்பிட்டேன். ஸ்பிரிட்டில் கரையும் கருஞ்சாயத்தை ஷெல்லாக்கில் கலந்தது மிகத் தெளிவாகவும் திப்பியில்லாமலும் இருந்தது. ஆனால் சாயம் கரைந்து நிற்கும் பொருள் என்பதால், மேலே பூசிய ஒவ்வொரு நிறமற்ற பூச்சிலும் ஏறிவந்தது. கருப்பின்மேல் அது பாதகமில்லை, தங்கக் கோட்டின் பக்கத்தில் அழுக்காகத் தெரிந்தது. நிறமி அப்படி ஏறாது. டப்பாவிலுள்ள எனாமல் கருப்பு உறுதியில் எவ்வளவோ மேல், ஆயினும் தடித்த தோல்போல் மரத்தைப் போர்த்திக்கொண்டு, மூலைகளின் கூர்மையை மழுக்கிவிட்டது. விளக்குக்கரியை நானே வாங்கிக் கலந்து பார்த்ததில், பஞ்சுபோல் மிதக்கும் அந்தத் தூளை ஸ்பிரிட்டில் நனைத்து, கண்ணாடிப் பலகையில் அரைத்துச் சேர்ப்பதற்கு அரைநாள் பிடித்தது. கையும் மேசையும் கருத்ததுதான் மிச்சம் என்று சொல்ல முடியாது, நிறம் டப்பாச் சரக்கைவிட ஒரு படி ஆழமாகவே வந்தது. ஆனால் ஒரு பெட்டிக்கும் ஒரு கதவுக்கும் அவ்வளவு உழைப்பு தேவையில்லை. தயார்ச் சரக்கை வடிகட்டி, சரிபாதி நிறமற்ற ஷெல்லாக் சேர்த்தாலே பெரும்பாலானோருக்குப் போதும்.

உண்மையான பழைய உருஷிச் சாமான் எவரிடமாவது இருந்து, அதில் உதிர்ந்த இடத்தை இந்த டப்பாவைக் கொண்டு ஒட்டுப்போட எண்ணினால், தயவுசெய்து அதைச் செய்ய வேண்டாம். பழைய பொருள்களைப் பேணும் பயிற்சி பெற்றவரிடம்தான் அது போக வேண்டும். பழைய ஐரோப்பியப் பேழையாயின் ஆபத்து இன்னும் அதிகம், அதன் மேற்பூச்சே ஷெல்லாக்காக இருக்கக்கூடும் என்பதால் ஸ்பிரிட் நனைத்த ஒரு துணி போதும், முந்நூறு ஆண்டுத் தங்கக் கொக்கு துணியோடு வந்துவிடும்.

தயாரிப்பாளர் அடுத்த முறை செய்ய வேண்டியவை மூன்று: கரியின் அளவைக் குறைப்பது, மெழுகு நீக்கியதா என்பதை அட்டையில் எழுதுவது, இரண்டு பூச்சு என்ற வாக்கியத்தை எடுத்துவிட்டு நிறத்தின்மேல் நிறமற்ற பூச்சு தேவை என்று சொல்வது. என் கருப்பு டப்பா தீர்ந்துவிட்டது. சிவப்பில் கால்பங்கு மீதமிருக்கிறது. திறந்த நாளை மூடியின்மேல் எழுதி, அடியில் நிறமி இறுகாதிருக்க வாரம் ஒருமுறை தலைகீழாகத் திருப்பி வைக்கிறேன், ஆறு மாதத்துக்குள் ஒரு கண்ணாடிச் சட்டத்துக்கு அதைப் பூசிவிட வேண்டும்.